பதினோராம் இலக்கச் சட்டை

தங்கராசா யாரையும் நம்பமாட்டார். கெல்சென்கிர்ச்சனில் அகதிகள் தங்கியிருந்த பழைய சுரங்கத் தொழிலாளர் விடுதியில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பால் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் தேநீர் போடமாட்டார். மாடிப்படியில் இரண்டு பேர் குரலைத் தணித்துக் கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்று முடிவுகட்டிவிடுவார். தெருவில் போகிற ஜேர்மன்காரி ஒருத்தி காலை வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டால், அன்று முழுவதும் அந்தச் சிரிப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

பிறக்கும்போதே மனிதர் இப்படி இருக்கவில்லை. காங்கேசன்துறை சீமெந்து ஆலைக் களஞ்சியத்தில் வேலை பார்த்த காலத்தில் கேட்டவனுக்கெல்லாம் சைக்கிளை இரவல் கொடுத்தவர்தான். பயணம்தான் அவரைக் கெடுத்தது. கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்ற் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் எல்லாரையும் ஒரு தூணடியில் நிறுத்தி, "இதிலையே நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளோடு போனான். வரவேயில்லை. அன்று தொடக்கம் யாராவது "வாறன்" என்று சொன்னால் தங்கராசாவுக்கு வயிற்றைப் பிசையும். தமிழன் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தச் சொல் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். மனிதருடைய வயிறு என்ன பாடுபட்டிருக்கும்.

விடுதியில் இருந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. நகர எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. அன்ராக் என்று அவர்கள் சொல்லும் தஞ்ச விண்ணப்பத்துக்கு மறுமொழி வரும்வரை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதுதான் சட்டம். தங்கராசாவுக்குச் சும்மா இருக்க வராது. ஊரில் ஆலை அணிகளின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர். ஜேர்மனிக்கு வரும்போது அவர் சட்டைப்பையில் மிஞ்சியிருந்தது ஒரு விசில் மட்டும்தான். அந்த விசிலை வைத்துக்கொண்டு விடுதிப் பொடியன்களைச் சேர்த்து ஓர் அணி உண்டாக்கினார். இளம்பிறை விளையாட்டுக் கழகம் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூட மண்டபத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கொவால்ஸ்கி என்ற மனிதர், கிழமைக்கு ஒரு பின்னேரம் மண்டபத்தைத் திறந்துவிட்டார். ஏன் திறந்துவிடுகிறார் என்று தங்கராசாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனாலும் அவர் நீட்டிய திறப்புக் கொத்தை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கொவால்ஸ்கிதான் வாசித்து முடித்த பத்திரிகைகளையும் கொடுப்பார். தங்கராசா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாட்டுப் பக்கத்தை எழுத்துக்கூட்டுவார். சம்பளத்துக்கு விளையாடும் பெரிய கூடைப்பந்து அணிகளின் கதை அதில் வரும். கோடை வந்தால் ஆட்டம் இல்லை, கதை மட்டும்தான் நடக்கும். இந்த அணியின் அமெரிக்கன் அந்த அணிக்குப் போகிறானாம். அந்த அணியின் பயிற்சியாளரை இந்த அணி இரகசியமாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதாம். இப்படி ஆள் மாறுவதற்கு வெக்ஸல் என்று பெயர். அதைவிட அவரைத் திகைக்க வைத்தது வேறொன்று. போன வருடம் பியர்க் கொம்பனியின் பெயரோடு விளையாடிய அணி இந்த வருடம் கட்டில் மேசை விற்கும் தளபாடக் கடையின் பெயரோடு வருகிறது. அதே ஊர், அதே மண்டபம், பெயர் மட்டும் வேறு.

"பேரையே மாத்திறவங்களை எப்பிடி நம்புறது?" என்று அவர் யோகத்திடம் கேட்டார். யோகம் அவருடைய அறையில் இருப்பவன், பந்தைவிடச் சட்டியை நன்றாகக் கையாள்பவன்.

"கடைக்காரன் பொடியளுக்குப் போடச் சேட்டு வாங்கிக் குடுக்கிறான் அண்ணை. பேரைப் போடத்தானே வேணும்" என்றான் யோகம்.

இந்தக் கூத்து ஜேர்மன்காரரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் அது தமிழர்களையும் பிடித்துக்கொண்டது. பக்கத்து நகரம் எஸன். அங்கே பரராசசிங்கம் என்பவர் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்பே படிக்க வந்து நிரந்தர வதிவிடம் எடுத்தவர். தன் வான் வண்டியில் அரிசி, மிளகாய்த்தூள், ஆட்டிறைச்சி எல்லாம் ஏற்றிக்கொண்டு விடுதி விடுதியாகப் போய் விற்பார். எஸன் பொடியன்களின் வளர்மதி அணி அந்த வருடம் திடீரென்று பரா ஸ்ரோர்ஸ் ஆகிவிட்டது. புதுச் சட்டை, முதுகில் கடைப் பெயர், நெஞ்சில் ஒரு மிளகாய்த்தூள் பைக்கற் படம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தங்கராசா சிரிக்கவில்லை. சட்டை கொடுக்கிறவன் அடுத்ததாக ஆள் எடுக்கத்தான் வருவான் என்று அவருக்கு உடனே பட்டது.

எடுப்பதென்றால் யாரை எடுப்பார்? சிறீதரனைத்தான். இளம்பிறையின் பதினோராம் இலக்கம். ஆறடிக்கு மேலே வளர்ந்த மானிப்பாய்ப் பொடியன். கூடைக்குக் கீழே அவன் நின்றால் மற்ற அணிகள் தூரத்திலிருந்தே பந்தை எறிந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். போன மாரியில் எஸனுக்குப் போய் விளையாடி வென்றார்களே, அது அவனால்தான். எல்லை தாண்டக் கூடாது என்பதால் இரண்டிரண்டு பேராக வேறு வேறு ட்ராமில் ஏறி, பந்தை முட்டைக்கோஸ் போல மரக்கறிப் பையில் மறைத்துக்கொண்டு போன போட்டி அது. வென்று திரும்பும்போது தங்கராசா சிறீதரனுக்குப் பக்கத்தில் இருந்தார். "அண்ணை, நீங்கள் விசில் ஊதேக்கைதான் எனக்கு ஊரிலை நிக்கிற மாதிரி இருக்கு" என்றான் அவன். தங்கராசா யன்னலுக்கு வெளியே பார்த்தார். கலியாணம் முடிக்கவில்லை, தம்பி தங்கை இல்லை, நாளைக்கு என்ன என்று தெரியாது. அந்த மனிதருக்குச் சொந்தம் என்று சொல்ல இருந்தவன் அவன் ஒருவன்தான். அதை அவனிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், இனி இங்கே சரிவராது என்று கண்டவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்கோ பிரான்சுக்கோ கிளம்புவார்கள். பொலிஸ் வந்து விசாரித்தால் யாரும் பொய் சொல்ல நேரக் கூடாது. அதனால் போகிறவன் போவதைச் சொல்லமாட்டான். போவதற்கு முதல்நாள் ஆட்டிறைச்சி வாங்கித் தானே சமைத்து எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவான். வருகிறவர்களும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூட, மிளகு காணாது என்று கதைத்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதே தங்கராசாதான்.

ஆனி மாதத்தில் அடையாளங்கள் தெரியத் தொடங்கின. சிறீதரன் பரராசசிங்கத்தின் வானில் முன் சீற்றில் இருந்து போவதை யாரோ கண்டார்கள். வான்காரர் முன் சீற்றில் யாரையும் ஏற்றுகிறவர் அல்ல, அங்கே முட்டைப் பெட்டிதான் இருக்கும். பிறகு சிறீதரன் தன் மாரிக் கோட்டை யோகத்துக்குக் கொடுத்துவிட்டான். எஸன்காரர் அணிக்குக் கோட்டும் கொடுக்கிறார்கள் போல என்று தங்கராசா கணக்குப்போட்டார். அடுத்தது, சிறீதரன் புகையிரத நிலையத்தில் காசு போட்டால் படம் பிடிக்கும் பெட்டிக்குள் இருந்து நாலு படம் எடுத்துக்கொண்டு வந்தான். ஆட்டக்காரர் அட்டைக்கு ஒட்டத்தானே படம் வேண்டும். பயிற்சிக்கும் பிந்தி வந்தான். ரெலிபோன் பெட்டியடியில் நிற்கும்போது தங்கராசாவைக் கண்டால் முதுகைக் காட்டினான். பத்திரிகையில் அந்த அமெரிக்கனைப் பற்றி எழுதியிருந்த அத்தனையும் இவனுக்கும் பொருந்துகிறதே என்று மனிதர் இரவில் புரண்டு புரண்டு படுத்தார்.

பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் மண்டபத்தில் மற்றவர்கள் போனபிறகு அவனை மறித்தார்.

"உண்மையைச் சொல்லு. போறதெண்டு முடிவெடுத்திட்டியோ?"

சிறீதரன் கையிலிருந்த பந்து நழுவி உருண்டது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணைக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கண் இருக்கு."

"மெல்லமாக் கதையுங்கோ. இன்னும் ஒண்டும் சரிவரேல்லை."

"பரராசசிங்கம்தானே பின்னாலை நிக்கிறார்?"

"அவர் ஒரு உதவி செய்யிறார். வேறை வழி இல்லாமல்தான் அண்ணை. நீங்கள் கோவிக்கக் கூடாது."

"எங்களிட்டை உனக்கு என்ன குறை?"

சிறீதரன் ஒரு கணம் விழித்தான். "உங்களிட்டை என்ன குறை? ஒண்டுமில்லை. அங்கை போனாலாவது எனக்கு ஒரு எதிர்காலம் இருக்குமெண்டுதான்."

எஸனில் என்ன எதிர்காலம், மிளகாய்த்தூளா என்று தங்கராசாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டிருந்தால் எல்லாம் வெளித்திருக்கும். ரோசம் பிடித்த மனிதர், கேட்கவில்லை. விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். சிறீதரன் பின்னால் வந்தான்.

அடுத்த பயிற்சியில் பதினோராம் இலக்கச் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு நின்றான். புதிதாக வந்த ஒரு குட்டையன், சட்டை அவன் முழங்கால்வரை தொங்கியது. தங்கராசாதான் கொடுத்தார். சிறீதரன் மண்டபத்து வாசலில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தானோ தெரியாது. தங்கராசா விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. சரியாகச் செய்தேன் என்று மனிதர் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். அப்படி அடிக்கடி சொல்ல வேண்டியிருந்ததே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு கிழமை கழித்து, வியாழக்கிழமை மத்தியானம், பரராசசிங்கத்தின் வான் விடுதி வாசலில் நின்றது. சிறீதரன் ஒரு பெரிய இறைச்சிப் பொதியை இறக்கிக்கொண்டு உள்ளே போனான். தங்கராசா மேல்மாடி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது.

"அண்ணை, பின்னேரம் சமைக்கிறன். சாப்பிட வாங்கோ" என்றான் சிறீதரன். கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன விசேஷம்?"

அந்தக் கேள்வியை விடுதியில் யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே கேட்டுவிட்டார். சிறீதரன் நிலத்தைப் பார்த்தான்.

"சும்மாதான்."

"அந்தாள்ரை ஆட்டிறைச்சியிலை எனக்கு ருசி இல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவனை அவர் அதுவரை நீங்கள் என்று சொன்னதேயில்லை. சிறீதரன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, "அப்ப வாறன் அண்ணை" என்றான்.

தங்கராசாவுக்கு வயிற்றைப் பிசைந்தது. அதையும் அவர் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்.

கறி கொதிக்கும் மணம் மாடிக்கு ஏறுவதற்குள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கால்வாய்க் கரை வழியே நடந்தார். நிலக்கரி ஏற்றிய படகுகள் போய்க்கொண்டிருந்தன. கோடை வெளிச்சம் மங்குவதாக இல்லை. தன்னை விலைக்கு வாங்கத்தான் இந்தச் சாப்பாடு, சாப்பிட்டால் மறுக்க முடியாது, அதுதான் பரராசசிங்கத்தின் மூளை என்று ஒவ்வொரு பாலத்தடியிலும் நின்று தனக்கே விளக்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது சமையலறை அடங்கியிருந்தது. யாருடைய முகத்திலும் விழிக்காமல் போய்ப் படுத்தார்.

காலையில் தேநீர் போடக் கீழே இறங்கினார். யோகம் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, மேலே இன்னொரு கோப்பையால் மூடியிருந்தது.

"அவனெங்கை?" என்று கேட்டார் தங்கராசா.

"போயிட்டான்."

"எஸனுக்கோ?"

யோகம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்? எஸனிலை அவனுக்கென்ன வேலை? கனடாவுக்கெல்லோ போறான். கப்பலிலையாம். அவன்ரை அன்ராக் சரிவராதெண்டு வைகாசியிலையே வந்திட்டுது. ஊருக்கு ஏத்திப்போடுவாங்களெண்டு பயந்து போனான். பரராசசிங்கத்தாருக்குத் தெரிஞ்ச ஆரோ கூட்டிக்கொண்டு போறாங்கள்."

தங்கராசா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கோட்டுக் கொடுத்தது, படம் எடுத்தது, ரெலிபோன், ஆட்டிறைச்சி. வேறொருவன் இதில் ஒன்றைச் செய்திருந்தாலும் அவரே முதலில் புரிந்துகொண்டு கண்ணைக் காட்டியிருப்பார். இவன் செய்தபோது மட்டும் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் வந்து கண்ணை மறைத்துவிட்டது.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமெண்டுதானே அவன் சொன்னான். நீங்கள் மண்டபத்திலை வைச்சுக் கேட்டனியளாம். நான் விட்டிட்டுப் போறனெண்டுதான் அண்ணை கோவிச்சுக்கொண்டு திரியிறார், அவருக்கு என்னிலை அவ்வளவு பாசம் எண்டு சொல்லிச் சொல்லி அழுதான்." யோகம் கையைத் துடைத்துக்கொண்டு மேசையைக் காட்டினான். "ஈரல் உங்களுக்குப் பிடிக்குமெண்டு தனிய வறுத்து எடுத்து வைச்சான். ஒருத்தரையும் தொட விடேல்லை. நீங்கள் வந்தால் அந்தப் பதினோராம் நம்பர் சேட்டைக் கேப்பமெண்டு இருந்தவன். அங்கை போய்ப் போட்டு விளையாட."

தங்கராசா மூடியிருந்த கோப்பையைத் திறந்தார். ஈரல் ஆறிப்போய், நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. நின்றபடியே எடுத்து வாயில் போட்டார். ஜேர்மனிக்கு வந்த பிறகு அவர் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் துண்டுவரை தின்றார். யோகம் மறுபக்கம் திரும்பி, தேய்த்து முடித்த சட்டியையே மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.

கோடை முடிவதற்குள் எஸனிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள். இரண்டு ஊரிலும் சேர்த்து ஓர் அணிக்குத்தான் ஆள் மிஞ்சியது. புரட்டாதியில் ஒருநாள் பரராசசிங்கம் வானைக் கொண்டுவந்து மண்டப வாசலில் நிறுத்தி, இறங்கி வந்தார். இரண்டு அணியையும் ஒன்றாக்குவோம் என்றார். பெயர் பரா இளம்பிறை. சட்டை தன்னுடையது, விசில் தங்கராசாவினுடையது. முன்பென்றால் தங்கராசா இதற்குள் ஆயிரம் சூழ்ச்சி கண்டிருப்பார். இப்போது தலையை ஆட்டினார். பெயர் என்ன பெயர், யாரோ ஒருவன் விளையாடினால் போதும் என்றாகிவிட்டது.

பரராசசிங்கம் புதுச் சட்டைகளை வாங்குப் பலகையில் பரப்பினார். தங்கராசா ஒவ்வொன்றாக எடுத்துப் பொடியன்களிடம் கொடுத்தார். பதினோராம் இலக்கம் வந்தபோது அதை மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பரராசசிங்கத்தின் கண் சுருங்கியது. "அதை ஆருக்கு ஒளிக்கிறியள் தங்கராசா? எனக்குத் தெரியாமல் புதுசா ஒரு ஆளை எடுத்து வைச்சிருக்கிறியளோ?"

தங்கராசா தன் பைக்குள் கையை விட்டார். இளம்பிறையின் பழைய பதினோராம் இலக்கச் சட்டை. குட்டையனிடமிருந்து திரும்ப வாங்கி, தோய்த்து, மடிப்புக் கலையாமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தார். கோடை முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். உலகத்தில் யாரை அதிகம் சந்தேகித்தாரோ அவரிடமே அதை நீட்டினார்.

"இதை அவனுக்கு அனுப்பவேணும். விலாசம் உங்களிட்டை இருக்கும்."

பரராசசிங்கம் பையை வாங்கவில்லை. வாங்கில் மிஞ்சியிருந்த சட்டைகளைத் தள்ளிவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நான் அதைத்தான் உங்களிட்டைக் கேக்க வந்தனான்" என்றார். "அவன் எழுதினால் உங்களுக்குத்தானே எழுதுவான். என்னிலை உள்ள கோவத்திலை நீங்கள்தான் சொல்லாமல் வைச்சிருக்கிறியள் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன்."

"உங்களுக்கு ஒண்டும் வரேல்லையோ?"

"ஒண்டும் வரேல்லை. கப்பலிலை ஏத்தி விட்டவங்களையும் காணேல்லை."

தங்கராசா அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் பொய் பிடிப்பதில் கெட்டிக்காரர். உதட்டோரத்தில், கண்ணிமையில், தொண்டை அசைவில் எங்கேயாவது பொய் ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். இந்த ஆள் மறைக்கிறான், விலாசம் இவனிடம் இருக்கிறது, பொடியன் ஏதோ ஒரு பனி ஊரில் கூடைக்குக் கீழே நிற்கிறான் என்று எப்படியாவது சந்தேகப்பட்டுவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அந்தத் தூணடியில் நின்ற நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, தேடியும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

பொடியன்கள் புதுச் சட்டைகளோடு மண்டபத்தின் நடுவில் வரிசையாக நின்று, விசிலுக்காக இவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.